சிரட்டைக்குள் எத்தனை? – பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து படிக்க ஒரு கணக்குப் பாடம்



ஐந்தாம் தரம் வரைக்கும் கணக்கில் கெட்டியாக இருக்கிற பிள்ளை, ஆறாம் ஏழாம் தரத்துக்குப் போனதும் கணக்குக் கொப்பியைத் தொடவே பயப்படுகிறது. ஏன் என்று கேட்டால், "கணக்குல எழுத்தெல்லாம் வருது, ஒண்ணும் விளங்கல்ல" என்று சொல்லும். அம்மா அப்பாவும், "நாங்க படிச்ச காலத்துல இதெல்லாம் இல்ல, சார்கிட்டயே கேளு" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

சாரிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நமது சப்ரகமுவவின் நிலைமை நமக்குத் தெரியும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெகியோவிட்டை, இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று தோட்டங்கள் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. நம்முடைய தமிழ்ப் பாடசாலைகளில் பல சிறியவை. தமிழில் கணிதம் படிப்பிக்க ஆசிரியர் கிடைக்காத குறையும் பல இடங்களில் உண்டு. க.பொ.த. சாதாரண தரத்திலோ கணிதம் கட்டாயப் பாடம். ஆறாம் தரத்தில் விழுகிற பயம், பதினோராம் தரத்தில் பிள்ளையின் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பயத்தை வீட்டிலேயே போக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பாடம்.

பாடப்புத்தகத்தில் இதற்கு 'அட்சரகணிதம்', 'சமன்பாடு' என்று பெயர். பேர்தான் பெரிசு. கொழுந்து மடுவத்திலும் பால் ஸ்டோரிலும் சம்பள நாளிலும் நாம் மனதுக்குள் போடுகிற கணக்கே இதுவும்.

எழுத்து எதற்கு?

இன்றைக்கு இரவு சாப்பாடு முடிந்ததும் இஸ்தோப்பில் பிள்ளையோடு உட்காருங்கள். ஒரு சிரட்டையும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும். பிள்ளை பார்க்காத நேரம் ஏழு கொட்டையைத் தரையில் வைத்துச் சிரட்டையால் மூடுங்கள். பக்கத்தில் நாலு கொட்டையை வெளியே வையுங்கள். "உள்ளேயும் வெளியேயும் சேர்த்து 11 இருக்கு. உள்ள எத்தன?" என்று கேளுங்கள். பிள்ளை கொஞ்சம் யோசித்து "ஏழு" என்று சொல்லும். சிரட்டையைத் தூக்கிக் காட்டுங்கள்.

பிள்ளை இப்போது ஒரு சமன்பாட்டைத் தீர்த்துவிட்டது. அதைக் கொப்பியில் எழுதினால் இப்படி வரும்:

சிரட்டை + 4 = 11

ஒவ்வொரு தடவையும் சிரட்டை படம் கீறிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அதனால் அதற்குப் பதிலாக ஓர் எழுத்தைப் போடுகிறோம். 'தெரியாதது' என்பதைக் குறிக்க 'த' என்ற எழுத்து வசதி. அதையே வைத்துக்கொள்வோம்:

த + 4 = 11

பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் 'எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எந்த எழுத்தைப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். எழுத்து என்பது மூடி வைத்த சிரட்டை. அதற்குள் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இனி இரண்டு சிரட்டை எடுங்கள். இரண்டுக்குள்ளும் ஒரே அளவு கொட்டை இருக்க வேண்டும். வெளியே மூன்று கொட்டை. எல்லாம் சேர்த்து 11. இதை 2த + 3 = 11 என்று எழுதுவோம். '2த' என்றால் இரண்டு சிரட்டை, அதாவது 2 × த. ஒரு கணக்குக்குள்ளே எத்தனை இடத்தில் 'த' வந்தாலும், எல்லாச் சிரட்டைக்குள்ளும் ஒரே எண்தான் இருக்கும். அடுத்த கணக்குக்குப் போனால் அது வேறு எண்ணாக இருக்கலாம்.

தராசுச் சட்டம்

நடுவிலே இருக்கிற '=' என்ற அடையாளத்தைப் பல பிள்ளைகள் "விடை இங்க எழுது" என்ற கட்டளையாக நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. இடப்பக்கம் இருப்பதும் வலப்பக்கம் இருப்பதும் சமம் என்பதே அதன் பொருள். கடையிலே இரண்டு தட்டுத் தராசு பார்த்திருப்போம். முள் நடுவிலே நின்றால் இரண்டு தட்டும் சமம். ஒரு தட்டில் மட்டும் கை வைத்தால் முள் சாய்ந்துவிடும். ஒரு பக்கத்தில் எதை எடுத்தாலும் மற்றப் பக்கத்திலும் அதையே எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எதைப் போட்டாலும் மற்றப் பக்கத்திலும் அதையே போட வேண்டும். சமன்பாட்டுக்கு உள்ள ஒரே சட்டம் இதுதான்.

மேலே உள்ள கணக்கைத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

2த + 3 = 11
இரண்டு தட்டிலும் 3 எடுக்கிறோம்: 2த = 8
இரண்டு தட்டையும் 2 ஆல் பிரிக்கிறோம்: த = 4

சரி பார்ப்போம். 'த' இருந்த இடத்தில் 4 ஐப் போட்டால், 2 × 4 + 3 = 8 + 3 = 11. சரி. விடை சரியா பிழையா என்று சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை. கணக்கே சொல்லிவிடும். இந்தச் சரிபார்த்தலைப் பிள்ளைகள் ஒரு நாளும் விடக்கூடாது.

"அந்தப் பக்கம் போனா கூட்டல் கழித்தலா மாறும்" என்று சில பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருப்பார்கள். எந்த எண்ணும் தானாக எழுந்து மாறாது. 3 ஐ இரண்டு பக்கத்திலும் எடுத்ததால் இடப்பக்கத்தில் அது காணாமல் போனது, வலப்பக்கத்தில் கழித்தலாகத் தெரிந்தது. காரணம் விளங்கிய பிள்ளைக்குப் பாடமாக்கும் பாரம் இல்லை.

இது யாரோ ஒருவர் திடீரென்று கொண்டுவந்த புதுமையும் இல்லை. பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் எழுதிய நூலிலேயே தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கும் முறைகள் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற அறிஞர் எழுதிய நூலின் பெயரிலே 'அல் ஜபர்' என்ற சொல் வருகிறது. குறைந்ததைச் சரிக்கட்டுவது என்பது அதன் கருத்து. அதிலிருந்துதான் 'அல்ஜிப்ரா' என்ற சொல் பிறந்தது. சொத்துப் பங்கு பிரிப்பது, கொடுக்கல் வாங்கல், காணி அளப்பது ஆகிய அன்றாடக் காரியங்களுக்காகவே அவர் அதை எழுதினார். '=' என்ற அடையாளத்தை 1557இல் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ரொபர்ட் ரெக்கோட் என்பவர் கொண்டுவந்தார். ஒரே நீளமான இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறு என்ன இருக்க முடியும் என்பது அவர் சொன்ன காரணம். நம் தமிழிலும் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' போன்ற ஏட்டுக் கணக்கு நூல்கள் இருந்தன. நெல்லையும் நிலத்தையும் பொன்னையும் வைத்துத்தான் அவையும் கணக்குச் சொல்லிக் கொடுத்தன.

சொல்லைக் கணக்காக மாற்றுவது

எண்களாகக் கொடுத்தால் செய்துவிடுகிற பிள்ளை, வசனமாகக் கொடுத்தால் தடுமாறும். அதற்கு நாலு படி சொல்லுகிறோம்.

முதலாவது, கணக்கை இரண்டு தடவை வாசி. என்ன கேட்கிறார்கள் என்பதன் கீழே கோடு போடு.
இரண்டாவது, கேட்டதற்கு 'த' என்று பெயர் வை. "த = மத்தியானம் எடுத்த கொழுந்து" என்று எழுதியே வை.
மூன்றாவது, வசனத்தைத் தராசாக எழுது.
நாலாவது, தீர்த்துச் சரி பார்.

ஒரு சின்னக் கணக்கு: "காலையும் மத்தியானமும் சேர்த்து 21 கிலோ. காலையில் 13 கிலோ. மத்தியானம் எவ்வளவு?" த + 13 = 21. இரண்டு பக்கமும் 13 எடுத்தால் த = 8 கிலோ.

இனி தொழிற்சாலைக் கணக்கு ஒன்று. சுமாராக நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். அப்படியானால் 18 கிலோ கொழுந்திலிருந்து எத்தனை கிலோ தூள் வரும்? தூளின் எடை 'த' கிலோ என்றால், 4½த = 18. அரையைக் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டு தட்டையும் இரண்டு மடங்காக்குவோம்: 9த = 36. ஆகவே த = 4 கிலோ. எடுப்பது, பிரிப்பது மட்டுமல்ல, இரண்டு பக்கத்தையும் ஒரே அளவாகப் பெருக்கினாலும் தராசு சாயாது.

அடுத்தது பல பிள்ளைகள் பிழை விடுகிற கணக்கு. "அக்கா தங்கச்சிய விட 5 கிலோ கூட எடுத்தா. ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்தது 41 கிலோ. ஆளுக்கு எவ்வளவு?" உடனே 41 ஐ இரண்டாக்கி, இருபதரையோடு 5 ஐக் கூட்டுகிற பிள்ளைகள் உண்டு. அப்படியானால் அக்கா இருபத்தைந்தரை, தங்கச்சி இருபதரை. கூட்டிப் பாருங்கள், 46 வருகிறது. 41 வரவில்லை. எங்கோ பிழை.

தங்கச்சி எடுத்தது 'த' கிலோ என்று வைப்போம். அக்கா எடுத்தது த + 5.

த + த + 5 = 41
2த + 5 = 41
இரண்டு பக்கமும் 5 எடுத்தால்: 2த = 36
2 ஆல் பிரித்தால்: த = 18

தங்கச்சி 18, அக்கா 23. கூட்டினால் 41. வித்தியாசம் 5. இரண்டு சொல்லும் பொருந்துகிறது.

வசனத்தில் வரும் சொற்களையும் பழகிக்கொள்ள வேண்டும். "5 கூட" என்றால் த + 5. "5 குறைய" என்றால் த − 5. "மூன்று மடங்கு" என்றால் 3த. "பாதி" என்றால் த ÷ 2. "மொத்தம்", "எல்லாம் சேர்த்து", "சமம்" என்ற சொற்கள் வருகிற இடத்தில் பெரும்பாலும் '=' வரும்.

நிறுவையும் சம்பளத் துண்டும்

இனிப் பெற்றோருக்கான பகுதி. பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஒரு நாளில் மூன்று தடவை நிறுக்கிறார்கள் என்று வைப்போம். தராசு காட்டியதைக் கூட்டினால் 26 கிலோ. துண்டில் விழுந்தது 20 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் ஒரே அளவு கழித்திருக்கிறார்கள். ஒரு தடவைக்குக் கழித்தது எவ்வளவு?

26 − 3த = 20
இரண்டு பக்கமும் 3த சேர்ப்போம்: 26 = 20 + 3த
இரண்டு பக்கமும் 20 எடுப்போம்: 6 = 3த
3 ஆல் பிரிப்போம்: 2 = த

நிறுவைக்கு 2 கிலோ. அது நியாயமான கழிவா, கூடுதலா என்று பேசுவது அடுத்த விஷயம். ஆனால் "ரொம்பக் கழிக்கிறாங்க" என்று சொல்லுவதற்கும், "ஒரு நிறுவைக்கு ரெண்டு கிலோ கழிச்சிருக்கீங்க, வெறுஞ்சாக்க நிறுத்துக் காட்டுங்க" என்று சொல்லுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதலாவதைக் கேட்டும் கேளாதது போலப் போய்விடலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று சம்பளத் துண்டு. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள். நிர்வாகம் தன் பங்குக்கு நூற்றுக்கு 12 போட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் நூற்றுக்கு 3 ஐ நிர்வாகமே கட்ட வேண்டும். அதை நம் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. கணக்குக்காக அந்தத் தொகையை எடுத்துக்கொள்வோம். உங்கள் துண்டில் உள்ள தொகை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலதிகக் கிலோக் காசு எதுவும் இல்லாத ஒரு மாதம். சேமலாப நிதிக்குப் பிடித்தது 1,728 ரூபா என்று துண்டில் இருக்கிறது. எத்தனை நாளைக்குப் பேர் போட்டிருக்கிறார்கள்?

முதலில் மொத்தச் சம்பளம். அது 'த' ரூபா என்றால்:

த × 8 ÷ 100 = 1,728
இரண்டு பக்கமும் 100 ஆல் பெருக்கினால்: 8த = 1,72,800
8 ஆல் பிரித்தால்: த = 21,600 ரூபா

இனி நாட்கள். வேலை செய்த நாள் 'ந' என்றால்:

1,350ந = 21,600
ந = 16

பிரட்டுக்களத்துக்குப் போன நாளைக் கலண்டரில் புள்ளி வைத்து வந்திருந்தால், அதையும் எண்ணிப் பாருங்கள். கலண்டரில் 18 என்று இருந்தால் இரண்டு பேர் எங்கே போனது என்று கேட்கலாம். இரண்டு நாளென்றால் 2,700 ரூபா. சம்பளத்தோடு போகவில்லை. அந்த இரண்டு நாளுக்குரிய நூற்றுக்கு 8, 12, 3 எல்லாமும் சேர்ந்து போகிறது. நாளைக்கு வயசான காலத்தில் கைக்கு வர வேண்டிய காசு அது.

நம் மூத்தவர்கள் காலத்திலும் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார், எவ்வளவு கட்டினால் அவரை விடுவிப்பார்கள் என்று எழுதிய கடதாசி அது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். அதிலிருந்த எண்ணை எழுதியவர் வேறு, சுமந்தவர் வேறு. பெரும்பாலானவர்களுக்கு அதை வாசிக்கவும் தெரியாது. 1921இல் சட்டம் கொண்டுவந்துதான் அந்த முறையை ஒழித்தார்கள். இன்றைய சம்பளத் துண்டு அது போன்றதல்ல. ஆனாலும் அதிலுள்ள எண்ணை நாமே போட்டுப் பார்க்கத் தெரியாவிட்டால், அடுத்தவர் சொன்னதுதான் கணக்கு என்றாகிவிடும்.

பிள்ளைகள் விடுகிற பிழைகள்

3த + 4 ஐ 7த என்று எழுதுவது. மூன்று சிரட்டையும் நாலு கொட்டையும் சேர்ந்து ஏழு சிரட்டை ஆகுமா? ஆகாது. சிரட்டையைச் சிரட்டையோடும் கொட்டையைக் கொட்டையோடும் மட்டுமே கூட்டலாம்.

ஒரு தட்டில் மட்டும் கழிப்பது. அவசரத்தில் நடக்கும். ஒவ்வொரு வரியிலும் செய்ததை ஓரத்தில் எழுதி வைத்தால் இந்தப் பிழை குறையும்.

ஒரே வரியில் '=' ஐ நீட்டிக்கொண்டு போவது. 2த + 3 = 11 = 8 = 4 என்று எழுதினால் 11உம் 4உம் சமம் என்றாகிவிடும். வரிக்கு ஒரு '=' போதும்.

பெற்றோர் உதவுவதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. மூன்று கேள்வி கேட்டால் போதும்: "என்ன கண்டுபிடிக்கச் சொல்லுறாங்க?" "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி செஞ்சியா?" "விடையைப் போட்டுப் பாத்தியா?" பிள்ளை உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். சொல்லச் சொல்ல அதற்கே விளங்கும். பிழைத்தால் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். சிரட்டையையும் கொட்டையையும் மறுபடி எடுங்கள்.

செய்து பாருங்கள்

1. த + 9 = 23
2. 4த = 36
3. 3த − 5 = 16
4. ஒரே அளவான மூன்று வாளி இறப்பர் பாலும் இன்னும் 4 லீற்றரும் சேர்ந்து 34 லீற்றர். ஒரு வாளியில் எத்தனை லீற்றர்?
5. 1,000 ரூபா கொடுத்து ஒரே விலையுள்ள நாலு கொப்பி வாங்கினோம். மிச்சம் 280 ரூபா. ஒரு கொப்பி என்ன விலை?
6. அம்மாவின் வயது மகளின் வயதைப் போல மூன்று மடங்கு. இரண்டு பேர் வயதையும் கூட்டினால் 48. மகளுக்கு என்ன வயது?
7. நாட்சம்பளம் 1,350 ரூபா. சேமலாப நிதிக்குப் பிடித்தது 1,620 ரூபா. எத்தனை நாள் பேர்?
8. கொஞ்சம் யோசிக்க: 5த = 2த + 18. (இரண்டு தட்டிலும் சிரட்டை இருக்கிறது. இரண்டிலிருந்தும் இரண்டு இரண்டு சிரட்டையை எடுத்துப் பாருங்கள்.)

விடைகள்: (1) 14 (2) 9 (3) 7 (4) 10 லீற்றர் (5) 180 ரூபா (6) 12 வயது (7) 15 நாள் (8) 6

மாணவச் செல்வங்களே, விடையைப் பார்த்து எழுதாதீர்கள். நீங்களே போட்டு, நீங்களே சரி பார்த்து, கடைசியில் ஒத்துப் பாருங்கள். எட்டும் சரி வந்தால், அடுத்த சம்பள நாளில் அம்மாவின் துண்டை வாங்கி ஒன்பதாவது கணக்கை நீங்களே எழுதுங்கள். அந்தக் கணக்குக்கு விடை இந்தப் பக்கத்தில் இல்லை. உங்கள் வீட்டுக் கலண்டரில் இருக்கிறது.